அக்காவின் லைலக்கும் ஐஸ்கிரீம் பெட்டியும்

எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவனும், நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசுபவனுமான நான் இந்த நினைவு மலரில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால், அக்காவைப் பற்றி எல்லோரும் எழுதித் தந்துவிட்டார்கள், அவருடைய பூமரத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்று அத்தான் குறைப்பட்டார். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மானிப்பாயில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா நேரத்தோடு காலமானதால் எங்களை ஆளாக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. தையல் தைத்து எங்களைப் படிப்பித்தார். நான் படிக்காதது அவருடைய குற்றமல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தானோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒக்லாண்ட் வந்து, ஹில்ஸ்பரோவில் வீடு எடுத்தார். முதியோர் இல்லமொன்றில் துணி வெளுக்கும் வேலை. பிறகு என்னையும் கூப்பிட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டில் மாகிரட் என்ற வயதான வெள்ளைக்கார அம்மா இருந்தார். இந்த நாட்டின் குளிர் கூடிய தென்தீவில் பிறந்தவர். அங்கே தன் தாய் வீட்டு வாசற்படலையில் நின்ற லைலக் மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்குமாம், தெருமுனைக்கே மணக்குமாம். அதன் கன்றொன்றை இங்கே கொண்டுவந்து வைத்தார். ஒக்லாண்ட் குளிர் அதற்குப் போதவில்லை. இலை மட்டும்தான் வந்தது. அதன் அடியில் முளைத்த ஒரு கன்றை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அன்றே சொல்லிவிட்டார், "முதல் பூ பிள்ளையாருக்கு."

அக்கா வைத்ததும் வருடக்கணக்காக இலைதான் தந்தது. அத்தானுக்கு அந்த இடத்தில் ஒரு கண். அவருடைய கறிவேப்பிலைக் கன்று குளிர் தாங்காமல் வீட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில், சட்டியில் இருந்தது. வெயில் நன்றாக விழும் ஒரே மூலையில் லைலக் நின்றது.

"இஞ்ச பாரும், வாற வருசமும் பூக்காட்டி உதைப் பிடுங்கிப்போட்டுக் கறிவேப்பிலை வைப்பன்."

"குளிர்தானேப்பா அதுக்கு வேணும். குடுத்தாப் போச்சு."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா ஐஸ்கிரீம் பெட்டியில் தண்ணீரை உறையவைத்து, வேலைக்குப் போக முன் வேரடியில் கொட்டினார். நான் அப்போது மீன்கடையில் வேலை செய்தேன். உதவியாக இருக்குமென்று கடை ஐஸ் ஒரு வாளி கொண்டுபோனேன்.

"மீன் கிடந்த ஐஸோ? சாமிக்குப் பூக்கப்போற மரமடா! கொண்டுபோ அங்கால!"

அத்தான் வாசலில் நின்று சிரித்தார். "உள்ள ஒண்டுக்கு ஹீட்டர், வெளியில ஒண்டுக்கு ஐஸ். எனக்கு எதைத் தரப்போறீர்? நான் உந்த விசர் வேலைக்குக் கை குடுக்கமாட்டன்."

இங்கே குளிர் முடிந்து வசந்தம் வரும் ஒக்டோபரில் ஒரே ஒரு கொத்து அரும்பியது. சாமிக்கு வைக்கும் பூவை முதலில் நாங்கள் மணக்கக்கூடாதல்லவா? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனோம். தபால்காரர் வந்தாலும் அக்காவின் சின்னவள், என் மருமகள், "நோ ஸ்மெலிங்!" என்று கத்துவாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா தலைக்குத் தோய்ந்துவிட்டுப் பூத்தட்டோடு வந்தபோது, மாகிரட் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். முகம் முழுவதும் கொத்துக்குள். நிமிர்ந்தபோது கண்கள் நனைந்திருந்தன. "மை மதர்ஸ் கேட்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் திகைத்துப்போனோம். அக்கா கிட்டப் போனார். பிறகு கொத்தை முறித்து, பாதியை மாகிரட்டின் கையில் கொடுத்து, மற்றப் பாதியைத் தட்டில் வைத்தார்.

"அக்கா, அது மணந்த பூவெல்லே?" என்றேன்.

"ஓமடா. அவ்வளவு பெரிய மூக்கை வைச்சிருக்கிற பிள்ளையார், இந்த மனுசியின்ர சின்ன மூக்குக்குக் கோவிப்பாரே?"

"அப்ப நாங்களும் மணக்கலாமோ?" என்று அத்தான் மூக்கை நீட்டினார். எல்லோரும் மணந்த பிறகுதான் பூ சாமியறைக்குப் போனது. கறிவேப்பிலை ஹீட்டரடியிலேயே இருந்தது.

அதன் பிறகு பூ கூடியது. பூக்கும் நாட்களில் அக்கா எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இதை வாசிக்கும் பலரது வீட்டிலும் அந்தப் பூ மணந்திருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் அக்கா நோயில் விழுந்தார். கட்டிலில் கிடந்தும் விடிந்தால் ஒரே கேள்விதான்: "தம்பி, ஐஸ் போட்டாச்சோ?" நானும் மருமக்களும் மாறி மாறிப் போட்டோம். அத்தான் கரண்டியால் சூப் பருக்கிக்கொண்டே, "நீர் எழும்பி வந்து போடும். நான் போடன்" என்பார். அக்காவுக்குச் சிரிப்பு வரும். அப்படிச் சிரித்த ஒரு நாள் பின்னேரம், அத்தானின் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிட்டார்.

எங்களுக்கு அடுப்பு மூட்டவே விடாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து த்ரீ கிங்ஸ் பகுதி உறவுகளையும், அக்காவைத் தங்கள் தாயைப்போல் பார்த்த தாதிமாரையும், கிரியைகளைச் செய்துவைத்த குருக்களையும் மறக்கமாட்டோம். இலைகூட இல்லாத லைலக் கொப்பொன்றைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்த மாகிரட்டுக்கு எந்தப் பாஷையில் நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் காலை நான் ஐஸ் போடப் போனேன். பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அத்தான் ஐஸைப் போட்டுவிட்டு வந்து, கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.