இரண்டாவது கியரில் எடுக்காத கார்

என் தம்பி துபாய்க்குப் போகும்போது காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கையால் கியர் போடுகிற வண்டி. "அக்கா, வித்துப்புடாத. நீயே ஓட்டு" என்றான். பதிவை என் பெயருக்கு மாற்றப் போனபோது என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "பொம்பள எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும்? எம் பேர்ல மாத்திக்கிறேன்" என்றார். நமக்காகத்தானே அலைகிறார் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் வீடு ஹட்டன் பஜாரில், அவருடைய ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. எனக்கு வேலை திம்புள்ளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மருந்து கொடுக்கும் ஜன்னலில். மாலை ட்யூட்டி முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் வருவதற்கு முன்னால் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்வேன். "எதுக்கு இந்தப் பொழப்பு? கடையில வந்து கல்லாவுல உக்காரு" என்று நாள் தவறாமல் பாட்டுப் பாடுவார். கார் வந்த பிறகுதான் அவர் வாய் அடங்கியது. கார் போனால் என் வேலையும் போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

கோளாறு ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. கொட்டகலை தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு. வளைவில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கி, எக்ஸிலேட்டரை மிதித்தால் கார் எடுக்காது. கால் அடி வரைக்கும் போகும். எஞ்சின் முனகும். ஏற்றத்தில் வண்டி நிற்கப் பார்க்கும். பின்னால் பஸ்காரன் ஹார்னை அமுக்கிக்கொண்டே நிற்பான். பதறிப்போய் மறுபடி பிரேக்கைத் தட்டினால், ஒன்றுமே நடக்காத மாதிரி பாய்ந்து ஓடும். அதுவும் தினமும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வரும், அப்புறம் பத்து நாள் வராது.

கராஜில் கொண்டுபோய் விட்டால் சமர்த்தாக ஓடியது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்காரரும் பஜாருக்குள் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். பஜாருக்குள் நடக்கிறவர்களுக்குப் பின்னால்தான் வண்டி ஊரும், அங்கே கியரை இறக்க என்ன இருக்கிறது? "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் கியர் மாத்தத் தெரியல" என்றார். என்னிடம் சொன்னதோடு விட்டாரா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சிமெந்து வாங்க வந்தவர், ஆணி வாங்க வந்தவர் எல்லோரும் எனக்குக் கியர் மாற்றும் வித்தையைப் படிப்பித்துவிட்டுப் போனார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஒருநாள் அவரும் பக்கத்தில் இருக்கும்போதே வளைவில் கார் எடுக்காமல் போனது. கதவைப் பிடித்துக்கொண்டு சாமி பெயரையெல்லாம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"வித்துருவோம். நுவரெலியாவுல ஒரு ஆள் கேட்டுக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கெழமை வரச் சொல்றேன்."

"நான் தெரியாம ஓட்டலங்க. வண்டியில என்னமோ இருக்கு. கண்டுபிடிச்சிட்டா விக்க வேணாம்தானே?"

"கண்டுபிடி, பாப்போம்" என்றார்.

அந்த வாரமே கண்டுபிடித்தேன். ஏற்றத்தில் எனக்குப் பின்னால் வந்த லொறிக்காரர் என்னை மறித்து நிறுத்தி, மேட்டில் ஏறும்போதும் உன் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். எனக்குச் சுரீரென்றது. பிரேக் பிடித்திருக்கிறது என்று கார் நினைத்துக்கொண்டால், எக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இந்தக் காலத்து வண்டி எடுக்காது. அவர் போன பிறகு தேயிலை ஓரமாக வண்டியை நிறுத்தி, மழை முதுகில் அடிக்க, தலையைப் பெடல்களுக்கு நடுவே நுழைத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.

பிரேக் பெடலின் தண்டில், கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அது ஊசலாடி, தண்டுக்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் பெடல் முழுசாக மேலே வராது. இன்னொரு தட்டுத் தட்டினால் தாயத்து விடுபட்டுவிடும். கயிற்றை அறுத்தெடுத்துவிட்டு வளைவு வளைவாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவதுக்கு இறக்கி மிதித்த மாத்திரத்தில் ஒவ்வொரு முறையும் எடுத்தது. தனியாக இருந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

தாயத்தைக் கடை மேசையில் அவர் முன்னால் வைத்தேன்.

"அத ஏன் அறுத்த? நான்தான் கோயில்ல மந்திரிச்சுக் கட்டுனேன்" என்றார். "பொம்பள ஓட்டுற வண்டி. ஒரு காப்பு வேணாமா?"

"இதுதாங்க பிரேக்குல சிக்கிக்கிட்டு எடுக்க விடாம வச்சிருக்கு."

"அது இருந்ததாலதான் இத்தன நாளா ஒனக்கு ஒண்ணும் ஆகல."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். வரவில்லை. "இப்ப விக்க வேணாம்தானே?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் நல்ல வெலைக்குப் போகும்" என்று சொல்லிவிட்டுத் தாயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வந்துவிட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போது வீட்டுக்காரர், "லேடி ஓட்டுன வண்டிங்க. பூ மாதிரி வச்சிருந்தா" என்று அளந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வந்தவரிடம் நேராகச் சொன்னேன். "சார், ஏத்தத்துல ரெண்டாவதுக்கு எறக்குனா இது எடுக்காதுங்க. எவ்வளவோ பாத்துட்டோம், சரி வரல." பச்சைப் பொய். எப்படியாவது கார் என்னிடமே நின்றால் போதும் என்றிருந்தது. வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தாயத்துக் கதையைச் சொல்ல வேண்டி வரும்.

வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஓட்டிப் பார்க்கப் போனார். நான் ஜன்னலோரம் நின்றேன். நானே சரிசெய்த கார் இன்று ஒரே ஒரு தடவை எடுக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கியரை இறக்குகிறார். கார் ஒரு திணறலும் இல்லாமல் உறுமிக்கொண்டு ஏறியது.

திரும்பி வந்து ஆறிப்போன தேத்தண்ணியை ரசித்துக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"வண்டியில ஒண்ணுமே இல்லங்க மேடம். எல்லாம் கியர் மாத்துற விதத்துலதான் இருக்கு. லேடீஸுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் எனக்கு. கார் போனாலும் போகட்டும், அந்த ஒரு வார்த்தை போதும்.

அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "நானும் அதத்தாங்க இவகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார்.