ஓங்கிய கை இறங்கவில்லை

அடியார்களே, தணிகை முருகன் என் மானத்தைக் காப்பாற்றியதைச் சொல்கிறேன், கேளுங்கள். அது பார்த்திப வருஷம், உலக யுத்தம் முடிகிற சமயம். எனக்குப் பதினேழு வயது.

திருவாலங்காட்டில் என் மாமன் மகன் சுப்பராயனும் நானும் ஆசையாகப் பழகினோம். கரும்புத் தோட்டத்து வரப்பில் என் கையைப் பிடித்து, "உன்னத் தவிர எவளையும் கட்ட மாட்டேன்" என்றான். நம்பினேன். சொந்த மாமன் மகன்தானே என்று எங்கள் வீட்டில் தாம்பூலம்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அந்த அசட்டைதான் வினையாயிற்று. புத்தூரில் அரிசி மில் வைத்திருந்தவர் பெண் கொடுக்க வந்ததும் மாமன் வீடு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

என் நைனா போய் நியாயம் கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சுப்பராயன், "நான் இன்னா பண்ணேன்? அதுதான் என் பின்னால சுத்திகினு இருந்துச்சி" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நைனா தலைகுனிந்து வீடு வந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போகலாம் என்று கிணற்றடிவரை போனேன். அங்கே நின்றபோது கோபம் வந்தது. நான் ஏன் சாக வேண்டும்?

நேரே தணிகைக்குப் போய் மலையேறினேன். "முருகா, அவன் எனக்கு வேண்டாம். சிரித்தவர்கள் முன்னாலேயே அவன் தலை கவிழ வேண்டும்" என்று சன்னதியில் விழுந்து அழுதேன். கிருத்திகைதோறும் அதே வேண்டுதல்தான். அவன் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு நாளும் வேண்டவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டாரும் மாமன் வீட்டாரும் தனித்தனியே பூக்காவடி எடுத்து வந்தோம். ஊர்ப் பெரியவர்களும் புத்தூர்க்காரரும் வந்திருந்தார்கள். என் விஷயம் புத்தூர்க்காரர் காதில் விழுந்திருந்தது. "பையன் கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணட்டும். அப்புறம் தாம்பூலம் மாத்தலாம்" என்று அவராகவே சொன்னார். அவர் வாயில் வந்தவன் முருகன்தான்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. "எனக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை" என்று சொல்லி அவன் அதை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். கையை ஓங்கினான். கை இறங்கவில்லை. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. புத்தூர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

மாமன் ஓடி வந்து தன் அக்கா புருஷனான நைனாவின் கையைப் பிடித்தார். "பாவா, மனசுல வெச்சிக்காதீங்க. ஆவணியிலயே இவங்க கல்யாணத்த முடிச்சிடலாம்."

அம்மா அழுதுகொண்டே சரி என்றாள்.

"எனக்கு இவன் வாணாம்மா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அவன் முகம் செத்துப்போயிற்று. என் வயிறு குளிர்ந்தது.

தை மாதத்தில் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நல்ல மனுஷர், குறையில்லாத வாழ்வு. எல்லாம் முருகன் அருள். பெண்பிள்ளைகளே, ஏமாற்றியவனைத் திரும்பக் கொடு என்று கேட்டு மலையேறாதீர்கள். நியாயத்தைக் கேளுங்கள், தணிகையான் தருவான். சுப்பராயன் இன்றுவரை கிருத்திகைக்கு மலையேறுவதில்லை. நான் ஏறாத கிருத்திகையே இல்லை.