சாயங்கால ஆட்டத்தில் காணாமல் போன ஜீப்

என் மகள் சினிமாவில் எடிட்டராக இருக்கிறாள். இதை ஊரில் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "படத்துல எங்கன வருவா ஒம் மக?" என்று கேட்பார்கள். வரமாட்டாள், எடுத்த படத்தை வெட்டி ஒழுங்குபடுத்துவதுதான் அவள் வேலை என்பேன். "வெட்டுறதுக்கா மெட்ராசு வரைக்கும் அனுப்பிப் படிக்க வச்ச?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டுவிட்டார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. பின்னக் கணக்கை எப்பேர்ப்பட்ட பிள்ளைக்கும் விளக்கிவிடுவேன். மகளின் வேலையை மட்டும் இன்றுவரை யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை.

அவள் பெயர் எடிட்டர் என்று தனியாகத் திரையில் வந்த முதல் படம் இந்த வருடம் வெளியானது. பாதியை வருசநாட்டுப் பக்கமும் மீதியைக் கம்பம் பள்ளத்தாக்கிலும் எடுத்திருந்தார்கள். வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண் மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிற கதை. இடைவேளைக்குப் பிறகு அவள் முதன்முதலாக வேலைக்குப் போகும் ஜீப் காட்சி வரும். அதில் உட்கார்ந்திருப்பது நடிகைகள் அல்ல, எங்கள் ஊரிலிருந்து தினமும் விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள். டைரக்டர் சென்னையிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்றிருக்கிறார். என் மகள்தான் விடாப்பிடியாக நின்று இவர்களை ஏற்பாடு செய்தாள்.

அவர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. அந்த ஜீப்புக்கு ஆள் சேர்ப்பவர் ஓர் அக்கா. எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"சினிமாக்காரவுக எடுப்பாக, பெறகு தூக்கிருவாக. நாங்க ஊரெல்லாம் சொல்லிட்டு, சொந்தக்காரவுக முன்னாடி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"வெட்டுறதே நான்தான்க்கா," என்றாள் மகள். "படத்துல நீங்க இருப்பீக. நான் சொல்றேன்."

"டீச்சர், ஒங்க மக வாக்குக் குடுக்குறா. நீங்க கேட்டுக்கிட்டீகல்ல?"

தலையாட்டினேன். அந்தப் பெண்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். மகள் சென்னைக்குப் போய்விடுவாள். வாக்குத் தவறினால் தினமும் அந்த முகங்களில் விழிக்க வேண்டியவள் நான்.

சென்சாரில் படத்துக்கு ஒரு வெட்டுகூட விழவில்லை. மகள் போன் செய்து, "அம்மா, நம்ம ஜீப்பு தப்பிச்சிருச்சு," என்றாள். நானும் நம்பி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் சென்சாரையும் தாண்டி ஒரு வழக்கம் உண்டு. வேலைநாட்களில் சாயங்கால ஆட்டத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் மறுநாள் விடியுமுன் ஜீப் ஏற வேண்டியவர்கள். அதனால் எங்கள் பக்கத்துத் தியேட்டரில் அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஒரு பாட்டையோ சண்டையையோ தாண்டிவிட்டுப் படத்தைச் சீக்கிரம் முடிப்பார்கள். பிலிம் இருந்த காலத்தில் கத்திரி வைத்தார்கள். இப்போது படம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் தட்டித் தாண்டிவிடுகிறார். யாரும் குறை சொன்னதில்லை. பாட்டு போனால் போகட்டும், தூக்கம் முக்கியம். என் மகளுக்கும் இது தெரியும். ஹீரோவின் டான்ஸைத்தான் தூக்குவார்கள் என்று நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து இறங்கிய பெண்கள் குளித்து, வீரபாண்டித் திருவிழாவுக்கு எடுத்த சேலைகளைக் கட்டிக்கொண்டு, அதே ஜீப்பில் தியேட்டர் வாசலில் வந்து இறங்கினார்கள். சிலர் மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு வரிசை நிறைந்தது. நானும் மகளும் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். என் கைப்பைக்குள் ஜெபமாலை இருந்தது. கையை வெளியே எடுக்கவே இல்லை.

இடைவேளை முடிந்தது. திரையில் அந்தப் பெண் இருட்டில் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அடுத்த நொடி பட்டப்பகலில் ஹீரோ டீக்கடையில் நின்றான். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அம்மா, தூக்கிட்டாக."

"எத?"

"ஜீப்ப."

முன்வரிசைக்கு அது தெரியவில்லை. "பின்னாடி வரும், பொறுங்கடி," என்று முன்சீட்டு அக்கா சொல்வது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு படம் முடியும் வரைக்கும் அவர்கள் ஒவ்வொரு காட்சியிலும் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மலை தெரிந்தால் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். என் மகள் திரையைப் பார்க்கவில்லை, அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவள் எழுந்து ஆபரேட்டர் அறைக்கு மாடி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். சண்டை போடாமல் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

மேலே ஆபரேட்டரும் தியேட்டர் மேனேஜரும் இருந்தார்கள். கூடவே வெள்ளைச் சட்டையில் ஒருவர். எங்கள் ஏரியாவுக்குப் படத்தை வாங்கியிருந்த விநியோகஸ்தர், மதுரைக்காரர். அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"மத்தியான ஆட்டம் நான் பாத்தேன்மா. அந்த ஜீப்பு வந்ததும் பாதிப் பேரு டீ குடிக்கப் போயிட்டான். வசனம் இல்ல, பாட்டு இல்ல. பொம்பளைக வரிசையா உக்காந்து தூங்குறாக. அடுத்தவுக தூங்குறத எவன் காசு குடுத்துப் பாப்பான்?"

மேனேஜர் என்னைப் பார்த்து, "சாயங்காலம் வாறதெல்லாம் வெள்ளன ஜீப்பு ஏறுற சனம், டீச்சர். அவுகளும் சீக்கிரம் போய்ப் படுக்கணும்ல? அவுக நல்லதுக்குத்தான் இந்த ஆட்டத்துக்கு அதத் தூக்குனோம்," என்றார்.

நான் மகள் கையைப் பிடித்தேன். "வா போயிரலாம். அடுத்த படத்துல பாத்துக்கலாம்."

"கீழ போய் அவுககிட்ட என்னன்னு சொல்லட்டும்மா?" என்றாள்.

அப்போதுதான் ஆபரேட்டர், படம் பாயும் கண்ணாடித் துவாரம் வழியே கீழே பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த ரெண்டு வரிசை எந்திரிக்கவே இல்ல," என்றார்.

எல்லோரும் கீழே இறங்கினோம். விளக்கெல்லாம் எரிகிறது. கூட்டுகிற அம்மா விளக்குமாற்றோடு நிற்கிறார். வெளியே அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். இந்தப் பெண்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜீப்புக்குக் காத்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆத்தா, படம் முடிஞ்சிருச்சு. எந்திரிங்க," என்றார் மேனேஜர்.

"எங்க சீன் இன்னும் வரலய்யா," என்றார் முன்சீட்டு அக்கா. "வந்ததும் எந்திரிக்கிறோம்."

மேனேஜர் விநியோகஸ்தரைப் பார்த்தார். அவர் தன் போனைப் பார்த்தார். முன்சீட்டு அக்கா மெல்லத் திரும்பி என் மகளைப் பார்த்தார். கோபம்கூட இல்லாத பார்வை அது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு இவுகளுக்கு நீங்களே சொல்லுங்க."

வகுப்பில் பேசுகிற குரலில் யாரோ பேசினார்கள். அது நான்தான். மேனேஜரிடம் பேசியிருக்கிறேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாயங்கால ஆட்டம், விடிகாலை ஜீப், உங்கள் தூக்கம் கெடக் கூடாது, அதனால்தான் அந்த இடத்தைத் தாண்டினோம். கேட்டு முடித்ததும் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு இரண்டு வரிசைக்கும் பரவியது.

"எங்க தூக்கத்துமேல இம்புட்டு அக்கறையா? தோட்டத்துல ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லையே."

"ஏ, இவரக் காலையில மேஸ்திரிகிட்டக் கூட்டிட்டுப் போவோம்டி. 'பாவம், லேட்டா வரட்டும்'னு சொல்லுவாரு."

"சேட்டா, நீங்களும் வாங்க," என்று விநியோகஸ்தரை, தோட்டத்து முதலாளியைக் கூப்பிடுவதுபோல், மலையாளத்தில் அண்ணன் என்று அழைத்தாள் இன்னொருத்தி. "முன்சீட்டு ஒங்களுக்குத்தான். அக்காள நாங்க பின்னாடி ஏத்திக்கிறோம்."

அவர் கொஞ்சம் சூடாகிவிட்டார். "அதுல என்னம்மா இருக்கு? நீங்க தூங்குறதுதான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

முன்சீட்டு அக்கா சிரிக்கவில்லை. "நாங்க தூங்குனா எப்பிடி இருப்போம்னு நாங்க எப்பய்யா பாத்தோம்? அதத்தான் காட்டச் சொல்றோம்."

அதற்குள் வெளியே இருந்த கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போலீஸ் வரும், வாட்ஸ்அப்பில் பரவும், தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்பார், இனி எந்தப் படத்திலும் மகளுக்கு வேலை கிடைக்காது என்று என் மனம் அந்த நிமிடத்துக்குள் எங்கெங்கோ ஓடிவிட்டுத் திரும்பியது. ஆனால் மகளின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் ஆபரேட்டரிடம் மட்டும் பேசினாள். "அண்ணே, நீங்க அத வெட்டல. தாண்டித்தான போனீக? அது உள்ளயேதான் இருக்கு. திரும்ப அங்கன போனாப் போதும்."

ஆபரேட்டர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் விநியோகஸ்தரை. விநியோகஸ்தர் அந்த இரண்டு வரிசையையும், சுவரோரக் கூட்டத்தையும் பார்த்தார். "போடுய்யா," என்று சொல்லிவிட்டு ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு அணைந்தது. கதவு சாத்துகிற அந்தப் பெண் மறுபடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் ஜீப் வந்து நின்றது.

முதலில் ஒரே சிரிப்பு. "வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறா பாரு." "ஏ, எனக்கு இம்புட்டு நரையா?" மாமியார் ஒருவர், "சோத்துப் பாத்திரத்த எப்பிடிக் கட்டிப் பிடிச்சிருக்கா, எங்க ஊட்டுல இப்பிடி ஒரு நா பத்திரமா வச்சிருப்பாளா?" என்றார். ஜீப் வளைவுகளில் ஏற ஏறச் சத்தம் அடங்கியது. எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் கடந்தது. மலைக்குக் கீழே எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் விளக்குகளாகக் கிடந்தது. ஜீப்பின் இரும்புக் கம்பிக்கும் தூங்குகிறவளின் தலைக்கும் நடுவே பக்கத்தில் இருந்தவளின் உள்ளங்கை இருந்தது. அவளும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கை மட்டும் விலகவில்லை.

என் முன்னால் இருந்தவள் மெல்லக் கேட்டாள். "நானா இப்பிடிப் பிடிச்சிருக்கேன்?"

"தெனமும்தான் பிடிப்ப," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஒனக்குத் தெரியாதா?"

காட்சி முடிந்ததும் யாரோ விசிலடித்தார்கள். சுவரோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். "அது எங்க சின்னம்மா" என்று கூட்டத்தில் ஒருவர் உரக்கச் சொன்னார். முன்சீட்டு அக்கா எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, "இப்ப முடிஞ்சிருச்சு. வாங்கடி," என்றார்.

வெளியே வந்தபோது விநியோகஸ்தர் படிக்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். போடிக்கும் தேனிக்கும் சின்னமனூருக்கும் வரிசையாகச் சொன்னார். "ஜீப்பத் தூக்காதீங்க. சாயங்கால ஆட்டத்துக்கு அது கட்டாயம் இருக்கணும். வேணும்னா அந்த டான்ஸத் தூக்கிருங்க." எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் முழுக்க எங்கெங்கிருந்தோ ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மார்க்கையன்கோட்டையிலிருந்துகூட வந்தார்கள். தங்கள் ஊர் ஜீப் அதில் இல்லை என்று தெரிந்தும் வந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்சீட்டு அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஏத்தா, எல்லாம் சரி. படத்துல ஒருத்தியும் வாயே தெறக்கலையே. படம் எடுத்த அன்னைக்கு ஏறுனதுலருந்து பாதி மலை வரைக்கும் பேசிக்கிட்டுத்தான வந்தோம்?"

என் மகள் தரையைப் பார்த்தாள். "பேசுனீகக்கா. நல்லாத்தான் பேசுனீக. பெறகுதான் தூங்குனீக. பேசுனத நான் வெட்டிட்டேன்."

அக்கா தலையை இன்னும் வெளியே நீட்டி அவளை உற்றுப் பார்த்தார்.

"அவரு ஆளத் தூக்குனாரு. நீ வாயத் தூக்கிட்ட," என்றார் அக்கா. "இதுக்கா அவரோட மல்லுக்கு நின்னோம்?"

உள்ளேயிருந்து வெடித்த சிரிப்பில் ஜீப் ஆடியது. ஒருத்தி, தன் மாமியாரைப் பற்றி அன்று பேசியதை வெட்டியதற்கு மட்டும் நன்றி என்றாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "என்னத்தடி சொன்ன, இப்பச் சொல்லு," என்று அவர் பிடித்துக்கொண்டார். என் மகள் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்டிய பேச்செல்லாம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கே அனுப்புகிறேன், மலை ஏறும்போது கேட்டுக்கொண்டே போங்கள் என்றாள்.

"மாமியா பேச்சையும் சேத்து அனுப்பு," என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.