தொட்டியில் பிறந்ததா?

பேருந்துப் பணிமனைக்கு எதிரே, டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது, தொட்டியில் வளர்க்கும் கடல்மீன்களை விற்கும் அந்தக் கடை. உள்ளே நுழைந்தால் முதலில் நீல வெளிச்சம், அடுத்து உப்பு வாடை, அதற்கும் பிறகுதான் உப்பக்கா கண்ணில் படுவாள். வாளி வாளியாக உப்பைக் கரைத்துக் கடல்நீர் தயாரித்துத் தயாரித்து அவள் கை எப்போதும் வெடித்துக் கிடக்கும். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடி துடைக்கத்தான் முதலில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வயதான முதலாளி மகனோடு வேறு ஊருக்குக் கிளம்பியபோது கடையை அவளே எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் பின்கட்டில் மேசை போட்டுத் தண்ணீர் மோட்டார்களைப் பழுது பார்த்தார். மீன் கொண்டு வருகிறவன் அவளுடைய தம்பி. பவளப்பாறைகளுக்கு நடுவே மூச்சடக்கி முங்கி, கைவலையால் உயிரோடு பிடித்து, பைகளில் காற்றடைத்துக் கொண்டு வருவான். குடும்பத் தொழில் என்றால் அப்படியொரு குடும்பத் தொழில்.

கடை சூடு பிடித்தது ஒரு பல் டாக்டரம்மாவால். தன் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு பவளத்தொட்டி வைத்து, அதில் ஒரே மாதிரி மீன்களைக் கூட்டமாக விட்டார் அவர். வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டை, பட்டத்தின் வால் போல நீண்ட துடுப்பு. கடையில் அதை வரிக்குதிரை என்பார்கள். காத்திருந்த யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்துக் கைபேசியில் பரப்பிவிட்டார். அவ்வளவுதான், பல்வலி இல்லாதவர்கள்கூட டாக்டரம்மாவிடம் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, நேரே உப்பக்காவிடம் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் வரிக்குதிரைதான் வேண்டும். பூச்சாடி அளவு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அதில் கூட்டமாக விட வேண்டும் என்றார்கள்.

கிண்ணத்தில் விட்ட மீன் எத்தனை நாள் தாங்கும்? போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஃபியூஸ் போன பல்பை மாற்ற வந்தவர் போல ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: "அது போயிடுச்சும்மா. வேற ஒண்ணு குடுங்க."

அவள் கொடுத்தாள். மீன் செத்தால் கடைக்கு நல்லதுதானே என்று மனதின் ஓர் ஓரத்தில் ஓடியது. அப்படி ஓடியது தெரிந்ததும் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கிடையில் தம்பி கொண்டுவரும் பைகள் மெலிந்துகொண்டே வந்தன. வரிக்குதிரைகள், கறுப்பு ஊசிகளை விரித்து உட்கார்ந்திருக்கும் கடல்முள்ளெலிகளுக்கு நடுவில் ஒளிந்து வாழ்பவை. முன்பெல்லாம் ஒரு முள்ளெலியைச் சுற்றி வலை வைத்தால் கூட்டமாகச் சிக்கும் என்பான். இப்போது கரையிலிருந்து தூரம் போயும், ஆழம் போயும், காது வலிக்க ஏறி வந்தும் பையில் அரைவிரல் குஞ்சுகள்தான். அவற்றிலும் பாதி வழியிலேயே மல்லாந்துவிடும்.

"முள்ளு இருக்கு, மீனு இல்லக்கா," என்றான் ஒரு நாள், ஈரத் தலையைத் துவட்டியபடி. "எல்லாரும் சேர்ந்து வழிச்சிட்டோம்."

அவள் பையை விளக்குக்கு நேரே பிடித்து, மல்லாந்த குஞ்சுகளை எண்ணினாள். பிறகு, இனிமேல் கடலில் பிடித்த வரிக்குதிரையை வாங்கப்போவதில்லை என்று சொன்னாள். தம்பி முதலில் சிரித்தான். விளையாட்டில்லை என்று புரிந்ததும் அவன் முகம் கறுத்தது. கூடப்பிறந்தவளே வயிற்றில் அடிக்கிறாள் என்றான். நீ வாங்காவிட்டால் வாங்க ஆளா இல்லை என்றான். பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனவன் அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கணவர் மட்டும் மோட்டாரைக் கழற்றியபடியே, "இருக்கிற மீனை வித்துட்டு, காலித் தொட்டியில துணி ஊற வைக்கலாம்," என்றார். கேலிதான், ஆனால் உள்ளே பயம் இருந்தது.

கடையில் மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. அதை அவள் விற்கவில்லை. ஒரு நாள் ஆண் மீன் தீனியைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. தாடை வேறு வீங்கிக் கிடந்தது. பல்வலியாக இருக்கும், டாக்டரம்மாவிடம் கூட்டிப்போ என்றார் கணவர். அவள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தாள். அது வாயை லேசாகத் திறந்து மூடியபோது உள்ளே செம்மணிகள் போல முட்டைகள் தெரிந்தன. இந்த இனத்தில் தகப்பன்தான் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், குஞ்சு வெளியே நீந்தும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத பட்டினி என்று கேள்விப்பட்டிருந்தாள். கண்ணால் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"பாருங்க, அப்பான்னா இப்படி இருக்கணும்," என்றாள்.

"நானும் வாயை மூடிக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் அவர்.

குஞ்சுகள் பிறந்தன. ஒளிய முள் வேண்டுமே என்று கணவர் ஒரு ரப்பர் பந்தில் ஒயர் கட்டும் கறுப்பு நாடாக்களைச் செருகி ஒரு பொய் முள்ளெலி செய்து கொடுத்தார். குஞ்சுகள் அதற்குள் போய் ஒண்டிக்கொண்டன. உப்பக்கா உப்பிறாலின் முட்டைகளைப் பொரிக்க வைத்து, தூசு போன்ற அந்த இறால் குஞ்சுகளை அவற்றுக்கு ஊட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு காலை அவள் கடையின் இரும்புக் கதவைச் சடாரென்று தூக்கினாள். குஞ்சுகள் விலுக்கென்று துடித்து, சுழன்று, அடியில் சரிந்தன. பாதிக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை.

சத்தம்தான் எமன் என்று எல்லோரும் சொன்னார்கள். கணவர் கதவுக்கு எண்ணெய் போட்டார், வாசல் மணியைக் கழற்றினார், இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமினார். அடுத்த ஈற்றுக் குஞ்சுகளும் ஒரு பேருந்தின் ஹாரனுக்குச் செத்தன. உப்பக்கா அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து யோசித்தாள். கடலில் மட்டும் சத்தம் இல்லையா? அலை அடிக்கிறது, படகு ஓடுகிறது, பெரிய மீன் துரத்துகிறது. அங்கே அதிர்ச்சியைத் தாங்குகிற உடம்பு இங்கே ஏன் தாங்கவில்லை? அப்படியானால் குறை சத்தத்தில் இல்லை, சாப்பாட்டில். பொரித்து நேரமான இறால் குஞ்சில் வயிறு நிறையும், சத்து இருக்காது. மறு ஈற்றுக்கு அவள் அந்த இறால்களுக்கே முதலில் கடல்பாசிக் கரைசலும் மீனெண்ணெயும் ஊட்டினாள். அவை கொழுத்த பிறகுதான் குஞ்சுகளுக்குக் கொடுத்தாள்.

சில வாரம் கழித்து ஒரு பட்டப்பகலில் கணவர் கையிலிருந்து ஒரு மோட்டார் நழுவி, தகரப் பெட்டிமேல் விழுந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. இருவரும் தொட்டிக்கு ஓடினார்கள். குஞ்சுகள் பொய் முள்ளுக்குள் பாய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்து, என்ன சத்தம் என்பதுபோல எட்டிப் பார்த்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அவள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் டயர் கடைக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

செய்தி பரவியது. டாக்டரம்மா வந்து மொத்தக் குஞ்சுகளையும் தனக்கே கேட்டார். உப்பக்கா தரமாட்டேன் என்றாள். முதலில் சோதித்துப் பார்க்கத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு நேரில் போய்ப் பார்த்து, நெரிசலைக் குறைக்க வேண்டும், சின்ன மீனை விரட்டித் தின்னும் பெரியதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், தண்ணீர் தேறும்வரை காத்திருக்க வேண்டும் என்றாள். டாக்டரம்மாவுக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் சொன்னபடி செய்தார். மீன் குறைந்த தொட்டியில் ஓர் அட்டையும் ஒட்டினார்: "மீன்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நாங்களும் உங்களைப் போலக் காத்திருக்கிறோம்." அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு விசாரித்தார்கள். கிண்ணக்காரர்களை உப்பக்கா வெறும் கையோடு அனுப்பினாள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களில் பலர், அங்கே வாங்கியது செத்த பிறகு, இந்தத் தடவை பெரிய தொட்டியோடும் பொறுமையோடும் வந்தார்கள். பார்க்கப் பார்க்க ஊரில் எந்த மீன் கடைக்குப் போனாலும் முதல் கேள்வியே மாறிப்போனது. விலை என்ன என்பதற்கு முன்னால், "தொட்டியில பிறந்ததா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி அடுத்த தெருக் கடையிலும் விழுந்தது. கடைக்காரர் தம்பியின் பைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி ஒரு மத்தியானம் உப்பக்கா கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவும் மனமில்லை, போகவும் மனமில்லை.

"ஜெயிச்சிட்ட இல்ல?" என்றான்.

"நான் ஜெயிச்சு என்னடா, நீ வெளியில நிக்கிற," என்றாள் அவள். "உள்ள வா. கடல்ல அதுங்க என்ன தின்னும், எப்ப தின்னும்னு உனக்குத்தான் தெரியும். எனக்கு உப்புதான் தெரியும்."

அவன் வந்தான். பின்கட்டில் மோட்டார் மேசைக்குப் பக்கத்தில் பாசி வளர்க்கும் கேன்கள் வரிசை கட்டின. அவன் கைபட்ட பிறகு குஞ்சுகள் இன்னும் வேகமாகத் தேறின. மிஞ்சும் குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பாறையில் விட்டுவிடலாமே என்று ஒரு தடவை ஆசையாகக் கேட்டான். அவள் ஒரேயடியாக மறுத்தாள். தொட்டி நோய் கடலுக்குப் போய்விடும்; கடலை நாம் நிரப்ப வேண்டாம், வழிக்காமல் இருந்தாலே போதும் என்றாள். அந்தப் பேச்சை அவன் தன்னோடு முங்கும் கூட்டாளிகளிடம் கொண்டுபோனான். சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று இழுத்து, கடைசியில் முள்ளெலித் திட்டில் யாரும் வலை வைப்பதில்லை என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடைகளும் கடல் வரிக்குதிரையை வாங்குவதை நிறுத்தியிருந்ததால் அந்த முடிவு நிலைத்தது.

மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் போனது. கடல் தெளிந்த ஒரு காலையில் தம்பி அக்காவையும் மாமாவையும் படகில் ஏற்றிக்கொண்டு போனான். ஊருக்கே கடல்நீர் செய்து கொடுத்தவளுக்கு நீச்சல் தெரியாது. முள்ளெலித் திட்டின் மேல் படகை நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றைத் தண்ணீரில் அழுத்தி, குப்புறப் படுத்துப் பார்க்கச் சொன்னான். அவள் படுத்தாள். கொஞ்ச நேரம் வெறும் மணலும் கறுப்பு ஊசிகளும்தான். பிறகு ஊசிகள் நடுவே ஏதோ மினுங்கியது. ஒன்று, அதன் பின்னால் ஒன்று, பிறகு ஒரு கூட்டமே முள்ளிலிருந்து வெளியே வந்து நீரோட்டத்தில் நின்றது. பெரியவை, குட்டிகள், நகக்கண் அளவுப் பொடிசுகள்.

"இருக்காக்கா?" என்றான் தம்பி, தெரிந்துகொண்டே.

அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். கணவர் தனக்கும் காட்டச் சொல்லிப் பெட்டியை இழுத்தார். அவள் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்றாள். படகு ஆடியது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.