விலைபோன ஒரே படம்

மருந்துக்கடையில் அவளை எல்லாரும் ‘கண்ணாடி அக்கா’ என்பார்கள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே மூச்சில் படித்துவிடுவாள். பதினெட்டு வருஷமாக அதே கவுண்டர், அதே உயர ஸ்டூல். அவள் புருஷன் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புத் தூண்களைப் பூப்போல இறக்கிவைத்தவர். வலது கண்ணில் ரத்தக்குழாய் அடைத்துப் பார்வை போனதும் கம்பெனி கைகுலுக்கி வழியனுப்பிவிட்டது. ஒற்றைக் கண்ணை நம்பி யார் இன்னொருவர் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கச் சொல்வார்கள்?

அதற்கப்புறம் அவர் பேச்சு சுருங்கிப்போனது. கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவள் காலையில் வேலைக்குப் போகும்போது உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே திரும்பி வரும்போதும் இருப்பார். நடுவில் சாப்பிட்டாரா என்பதைத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமரா மகளுடையது. கல்யாணமாகி வெளியூர் போனபோது அலமாரியிலேயே விட்டுப்போயிருந்தாள். ஒருநாள் போனில் சொன்னாள்: “அம்மா, பறவை, ஏரி, மரம்னு நல்லா படம் எடுத்து வெப்சைட்ல போட்டா, பத்திரிகைக்காரங்க, விளம்பரக்காரங்க எல்லாம் காசு குடுத்து எடுத்துக்கறாங்க. ஒரே படம் நூறு தடவைகூட விக்கும். உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தியாச்சே, செஞ்சு பாரேன்.”

வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஊரை ஒட்டி ஒரு ஏரி இருந்தது. விடியும்போதே போனால்தான் வெளிச்சம் நன்றாயிருக்கும் என்றதும், “இருட்டோட தனியாவா போவே?” என்று அவர் தானாகவே செருப்பைத் தேடினார். எத்தனையோ மாதத்தில் அவர் தானாக எழுந்தது அன்றைக்குத்தான். அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கேமராவை நிறுத்துகிற முக்காலியை அவர் தோளில் சாய்த்தாள்.

முதல் மூன்று மாதம் அவள் எடுத்ததெல்லாம் பறவை பறந்துபோன பிறகு ஆடிக்கொண்டிருக்கிற நாணல்தான். அவள் விரல் பட்டனை அழுத்துவதற்குள் அது அக்கரைக்குப் போயிருக்கும். கடைசியில் அவர்தான் கைகொடுத்தார். எந்தப் பாரம் எந்த நொடியில் தரையை விட்டு எழும்பும் என்று இருபது வருஷம் பார்த்த கண் அது. ஒன்று போனாலும் மற்றது மறக்கவில்லை. “கழுத்தை உள்ள இழுக்குது பாரு… இரு… இப்போ!” என்பார். அழுத்துவாள். சிறகு விரிய, நீர் சொட்டச் சொட்ட, கொக்கு படத்துக்குள் இருக்கும். இரண்டு பேரும் சின்னத் திரையின்மேல் தலை முட்டக் குனிந்து பார்ப்பார்கள்.

வெப்சைட்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ‘கூர்மை போதாது.’ ‘இதுபோன்ற படங்கள் ஏற்கெனவே நிறைய உள்ளன.’ நானூறு படம் அனுப்பி அறுபது தேறியது. அந்த அறுபதையும் ஒன்றரை வருஷத்தில் ஒரு ஆள்கூட வாங்கவில்லை.

ஒரு பனிக்காலை, வெளிச்சம் எப்படி என்று பார்ப்பதற்காகச் சும்மா ஒரு படம் எடுத்தாள். கவிழ்த்துப்போட்ட படகின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கொக்கு, மற்றதெல்லாம் பனி. அதையும் அனுப்பிவைத்தாள். படத்தில் மனிதர் இருப்பதால் அவர் சம்மதம் வேண்டும் என்று படிவம் வந்தது. “இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்றாள். என்ன ஏதென்று கேட்காமல் போட்டார். அவள் நீட்டுகிற காகிதத்தை அவர் எப்போது படித்திருக்கிறார்?

ஒவ்வொரு படத்தோடும், தேடுகிறவர்கள் கண்டுபிடிக்கச் சில சொற்களை எழுதித் தர வேண்டும். ஏரி, பனி, கொக்கு, விடியல் என்று எழுதியிருந்தாள். மகள் தன் ஊரிலிருந்தே அதைப் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தாள். “இப்படி எழுதினா யாரும்மா தேடுவா? தனிமை, மனச்சோர்வு, வேலையிழப்பு, தோல்வி… இந்த மாதிரி போடு.” போட்டாள். ‘தோல்வி’ என்று அடிக்கும்போது கை ஒரு கணம் நின்றது. சொல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தே நாளில் விற்றது. மறுபடி விற்றது.

“ஏரிப் படம் ஒண்ணு வித்துடுச்சுங்க!”

“எது, அந்த மீன்கொத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!” என்று அவர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“ம்” என்றாள் அவள்.

கண் பரிசோதனைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அந்த முறை, காத்திருக்கும் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர். படகு, பனி, முதுகு. ‘உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறாரா? உதவி கேட்கத் தயங்காதீர்கள்.’ சட்டைத் தோளில் அவர் கையாலேயே போட்ட தையல்கூடத் தெரிந்தது. அவர் எழுந்து பக்கத்தில் போய் ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் வந்து உட்கார்ந்து, தன் டோக்கன் நம்பருக்காகக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், “அந்தப் படத்தைக் காட்டு” என்றார். போனைக் கண்ணருகே வைத்துக் கீழே இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இதெல்லாம் யாரு எழுதினது?”

“நான்தான். தேடறவங்க அப்படித்தான் தேடுவாங்களாம்…”

“கொக்குப் படத்துக்கு என்ன எழுதினே?”

“கொக்குன்னுதான்.”

அவர் போனை மேஜைமேல் பத்திரமாக வைத்தார். “அப்போ எனக்கும் ஆளுன்னு எழுதியிருக்கலாம்ல?”

அவள் அழுதாள். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பாள். அன்று மாலையே படத்தை நீக்கினாள். ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. அதுவரை பதினேழு பேர் வாங்கியிருந்தார்கள். இன்னும் பதினாறு முதுகுகள் எந்தெந்தச் சுவரில் தொங்குகின்றனவோ, யார் கண்டது.

அவர் ஏரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவள் ஒருநாள் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்தாள். பறவைகள் இருந்தன. எது எப்போது எழும்பும் என்றுதான் தெரியவில்லை. மருந்துக்கடையில் விடிகாலை நேரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும்தான் போகிறார்கள். தெருவில் அவர் அவளுக்கு முதுகு காட்டி முன்னால் நடப்பதே இல்லை. ஒருதரம் நின்று, “முன்னால போங்களேன்” என்று சொல்லிப் பார்த்தாள்.

“பரவாயில்ல, நீ போ” என்றார்.