அச்சிமுகம்மது காக்காவின் செருப்புப் பலகை

பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் எல்லாரும் ஒரு கால் செருப்பைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கடற்கரை மீன்வாடிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் மட்டும் மதிலோடு ஒட்டி நின்றாள். அவள் காலில் செருப்பு இல்லை. அச்சிமுகம்மது காக்கா மணியடிக்கிற கம்பியை எடுக்கப் போகிறவர்போல மதிலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இரண்டு பெரிய ஆண்பிள்ளைச் செருப்புகளை இழுத்து இழுத்து நடந்து வரிசைக்கு வந்தாள். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் மகன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனான். அன்று முழுக்கக் காக்கா வெறுங்காலோடு திரிந்தார். எதிரேயிருந்த என் தையல் கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தபோது என்ன இது என்று கேட்டேன்.

"சூட்டுல நடந்தா நரம்புக்கு நல்லமாம் தம்பி."

அந்தச் செருப்பு அதன்பிறகு அந்தப் பெண்ணின் காலில்தான் சந்தைக்குப் போனது, கலியாண வீட்டுக்குப் போனது. காக்கா அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சாய்ந்தமருதில் எங்கள் பள்ளிக்கூடத்தின் சிற்றூழியர் அவர். ஊருக்கே மூத்த அண்ணன் மாதிரி, அதனால் எல்லாருக்கும் காக்கா. மணி அடிப்பது, கேற்றைப் பூட்டுவது, தண்ணீர்ப் பானை நிரப்புவது, இடைவேளைக்குப் பிஸ்கட் பெட்டியை உடைப்பது எல்லாம் அவர் கைவேலை. பிள்ளைகளைத் தனக்குப் பிடிக்காது என்று தினமும் யாரிடமாவது சொல்லிவிடுவார். "இது பள்ளிக்கூடமல்ல தம்பி, ஷைத்தான் இப்லீசுட பட்டாளம்" என்பார். சொல்லும்போதே ஏதாவது ஒரு பட்டாளத்தின் மூக்கைத் தன் சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய பெரிய வேலை தை மாதத்தில்தான். முதலாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் சேருகிற நாள். தாய் கையை விட்டதும் பிள்ளை கத்தும், பிள்ளை கத்தினதும் தாய் அழும், இரண்டையும் பார்த்துப் புதிதாக வந்த டீச்சரும் அழுவார். காக்கா புத்தி சொல்ல மாட்டார், இனிப்புக் காட்ட மாட்டார். தாயிடம் கையை நீட்டி ஒரு செருப்பை வாங்கி, வாசல் சுவரில் அறைந்திருந்த பலகையின் ஆணியில் மாட்டுவார்.

"இந்தா, உம்மாட செருப்பு இஞ்ச தொங்குது. ஒத்தச் செருப்போட உம்மா உலகத்துல எங்க போவா? சொல்லு பாப்பம்."

பிள்ளை யோசிக்கும். யோசிக்கிற பிள்ளைக்கு அழ நேரமில்லை.

அந்தப் பலகைகூட எழுபத்தெட்டுச் சூறாவளியில் பள்ளிக்கூடக் கூரையிலிருந்து விழுந்த பலகைதான். பகலைக்கு மணி அடித்ததும் தாய்மார் வந்து அவரவர் செருப்பை எடுத்துப் போவார்கள். அதுவரைக்கும் ஊர்ப் பெண்கள் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் வெறுங்காலோடு நடப்பார்கள். சந்தியில் நிற்கிற ஆண்கள், "இண்டைக்கு அச்சிமுகம்மதுக்கு வரி கட்டுற நாள்" என்று சிரிப்பார்கள்.

காக்காவிடம் இன்னொரு வழக்கம் உண்டு. அந்நியப் பெண்களின் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார். மார்க்கம் சொன்னபடி பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். நல்ல பழக்கம்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் இத்தனை வருடம் பார்வையைத் தாழ்த்தி நின்றதில், ஊரிலுள்ள பெண்கள் எல்லாரையும் அவருக்குச் செருப்பை வைத்துத்தான் தெரியும். "பச்சை வார் போட்ட புள்ள", "குதி தேஞ்ச மாமி" என்றுதான் அடையாளம் சொல்வார். ஒருத்தி புதுச் செருப்பு வாங்கிவிட்டால் அன்றைக்கு அவள் அவருக்கு வேற்றூர்க்காரி. ஒரு பெருநாள் காலையில் புதுச் செருப்புப் போட்டு நின்ற தன் சொந்த மனைவியிடமே, "ஆரு வந்திரிக்கா?" என்று கேட்டாராம். இது அவருடைய மச்சான்மார் சொன்ன கதை. அதற்கு நான் பொறுப்பில்லை.

எண்பதாம் ஆண்டு தை மாதம் ஸாலிஹா தன் மகள் றபீக்காவைச் சேர்க்க வந்தாள். ஸாலிஹாவின் புருசன் பளீல் கடலுக்குப் போகிறவர். சூறாவளியில் வீடும் போய்த் தோணியும் போயிருந்தது. பெண்பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டுமே என்று ஸாலிஹா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டிருந்தாள். வேன் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றது. மகளிடம் மட்டும் கொழும்புக்குப் போய் நாளைக்கு வருவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

காக்கா வழக்கம்போலக் கையை நீட்டினார். ஸாலிஹா பையைத் திறந்து ஒரு பழைய செருப்பை எடுத்துக் கொடுத்தாள். றபீக்கா அதைப் பார்த்தாள், தாயின் காலைப் பார்த்தாள். பயணத்துக்கென்று கல்முனையில் வாங்கிய, ஊதா வார் போட்ட புதுச் செருப்பு.

"அது பழசி. உம்மா புதுசப் போட்டுக்கிட்டுத்தானே போறா" என்றாள்.

காக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "புள்ள சொல்றது மெய்தானே. இத வாங்க ஏலா."

"வாங்குங்க காக்கா. வேன்காரன் கத்துறான்."

"எப்ப வருவாய் புள்ள? அவளுக்குக் கேக்கச் சொல்லு. நான் பொய்க்குச் செருப்பு வாங்குறல்ல."

ஸாலிஹா வேன்காரனைப் பார்த்துப் பொறு என்று கையைக் காட்டினாள். பிறகு மணலில் குந்தி மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உம்மா தூரத்துக்குப் போறன் மகள். ரெண்டு நோன்புப் பெருநாள் போகும். மூணாம் பெருநாளுக்கு வந்திருவன்."

"மெய்யாவா?"

ஸாலிஹா இடது காலிலிருந்த புதுச் செருப்பைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தாள். "வந்து இதத்தான் போடுவன்."

றபீக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய்க் காக்காவிடம் தந்தாள். தாய் பழைய சோடியைப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைப் புதுச் செருப்பைப் பையில் வைத்து வேனில் ஏறினாள். பிள்ளை அழவில்லை. வேன் சந்தி திரும்பியபின் அழுதது காக்காதான். கேட்டால் தூசி என்றார்.

மற்றச் செருப்புகள் பகலைக்கு இறங்கிப் போயின. ஊதா வார் அங்கேயே நின்றது. அதற்கென்று றபீக்காவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் தனி ஆணி அடித்தார். இடைவேளைக்கு அவள் வந்து ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுவாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் காக்கா அதைத் தட்டித் துடைத்து மாட்டுவார். ஒருமுறை பரிசோதிக்க வந்த அதிகாரி, பள்ளிக்கூடச் சுவரில் செருப்பு ஏன் தொங்குகிறது, யாருடையது என்று கேட்டார். தலைமை ஆசிரியரான பெரிய சேர் தலையைச் சொறிந்தார்.

"குவைத்துல ஒரு ஆள் நிக்கிது சேர். அதுட செருப்பு" என்றார் காக்கா. அதிகாரி அடுத்த வகுப்பைப் பார்க்கப் போனார்.

முதலாம் பெருநாள் போனது. இரண்டாம் பெருநாளும் போனது. மூன்றாம் பெருநாளுக்கு, பளீல் கூலிக்குக் கடலுக்குப் போய்விடுவதால் றபீக்காவை வளர்த்துக்கொண்டிருந்த அவள் சாச்சி, ஸாலிஹாவின் தங்கை சுபைறா, என் கடைக்கு வந்து சட்டைக்கு அளவு கொடுத்தாள். தாய் வருகிற நாளுக்குப் போட வேண்டும், கையைக் கொஞ்சம் பெருப்பித்துத் தையுங்கள் என்றாள். பெருநாளுக்கு முதல்நாள் காக்கா கடைக்கு வந்து தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, குவைத்துல பெருநாள் எங்களுக்கு முந்தித்தானே வாற?"

"ஓம் காக்கா, ஒரு நாளைக்கு முந்தி."

"அப்ப அவ இந்நேரம் வந்திரிக்கணுமே."

ஸாலிஹா வரவில்லை. பெருநாள் லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. இடைவேளைக்கு மணி அடித்துவிட்டுக் காக்கா பலகையடியில் நின்றார். றபீக்கா மற்றப் பக்கத்தால் சுற்றிப் போய்த் தண்ணீர் குடித்தாள். அடுத்த நாளும் அப்படியே.

"அழுதாலும் காரியமில்ல தம்பி. பாக்காமப் போகுது" என்று என்னிடம் வந்து சொன்னார். தாயின் வாக்குக்குப் பிணை நின்றது தான்தான் என்று அவருக்கு எண்ணம். அந்தக் கிழமைகளில் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவர் கையேந்திக் கேட்கிற துஆ நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் இருந்த என் காதில் "ஊதா வார்" என்ற சொல் விழுந்தது. அல்லாஹ்வுக்கும் அவர் அப்படித்தான் அடையாளம் சொல்லியிருக்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய ஒரு நாள், பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், பெட்டிகள் கட்டிய வேன் ஒன்று வாசலில் நின்றது. இறங்கியவளின் சப்பாத்து குதி உயர்ந்து, பொன் நிறக் கொளுவி வைத்து மினுங்கியது. காக்காவின் கணக்கில் அப்படி ஒரு பெண் இந்த ஊரில் இல்லை.

"பெரிய சேர் ஒபிஸ்ல இரிக்கார் நோனா. அங்கிட்டுப் போங்க."

"காக்கா, நான்தான்."

"ஆரா இரிந்தாலும் ஒபிசிக்குத்தான் போகணும்."

அவள் சிரித்தாளோ அழுதாளோ தெரியவில்லை. கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து, அவர் பார்வை விழுந்த இடத்தில், மணலில் வைத்தாள். ஊதா வார் போட்ட ஒற்றைச் செருப்பு.

காக்கா அதைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து முதல்தடவையாக ஒரு பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே கண்ணைக் கீழே போட்டுக்கொண்டார்.

"சுணங்கிப் போயிட்டியே புள்ள."

"ஊட்டுக்காரி உடல்ல காக்கா. ஆள் கெடைக்கிற மட்டும் நில்லு எண்டாள்."

காக்கா தானே போய் றபீக்காவை வகுப்பிலிருந்து அழைத்து வந்தார். ஐந்து வயதில் விட்டுப் போன பிள்ளை இப்போது எட்டுக்குக் கிட்ட. வந்தவள் தாயைப் பார்த்தாள். தாய் வெளுத்து, உடம்பு வைத்து, வேறு நாட்டு அத்தர் வாசத்தோடு நின்றாள். றபீக்கா மெதுவாகக் காக்காவுக்குப் பின்னால் போய் அவர் சாரனைப் பிடித்துக்கொண்டாள்.

"மகள், உம்மா வந்திரிக்கன்."

"நான் சாச்சிட்டத்தான் போவன்."

ஸாலிஹா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு நானும் கேற்றடிக்கு வந்திருந்தேன்.

காக்கா தொண்டையைச் செருமினார். "என்னத்துக்குப் பயப்புடுறாய்? செருப்பக் கழட்டு."

"ஏன்?"

"இந்த ஆணியில மாட்டத்தான். நாளைக்கு நீ வந்து எடுக்கணும். ஒன்ட செருப்பு இஞ்ச தொங்கக்குள்ள ஒன்ன ஆரு எங்க கொண்டு போற?"

றபீக்கா யோசித்தாள். "நீங்க பாத்துக்குவீங்களா?"

"உம்மாடத இவ்வளவு காலம் பாத்தன். ஒன்டத ஒரு ராவைக்குப் பாக்க மாட்டனா?"

அவள் சாரனை விட்டாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். காக்கா ஊதா வாரை இறக்கி ஸாலிஹாவின் முன்னால் வைத்தார், அந்த ஆணியில் சின்னச் செருப்பை மாட்டினார். ஸாலிஹா குதி உயர்ந்த சப்பாத்தை வேனுக்குள் போட்டுவிட்டு அந்தச் சோடியைப் போட்டாள். ஒன்று கடையில் வாங்கிய ஊதா. மற்றது வெயில் பட்டுச் சாம்பல். வேனை முன்னால் போகச் சொல்லிவிட்டு மகளோடு நடந்தாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நடக்கலாம், அவ்வளவு இடைவெளி. பகல் வெயிலில் தார் கொதித்தது. றபீக்கா வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பிறகு ஒற்றைக் காலால் கெந்தினாள். கெந்திக் கெந்திப் போனவள் பள்ளிவாசல் திருப்பத்தில் சரியப் பார்த்து, பக்கத்தில் இருந்த கையை எட்டிப் பிடித்தாள். பிடித்த கையை அதன்பிறகு விடவில்லை.

"தார் சுடும் எண்டு தெரிஞ்சிதான் தம்பி கழட்டச் சொன்னன்" என்று காக்கா பிறகு ஊரெல்லாம் பெருமையடித்தார். நான் நம்பவில்லை. அந்த நேரம் அவர் கண்ணில் நின்ற தண்ணீருக்கு எதிரே மதிலே தெரிந்திராது, தார் எங்கே தெரியப்போகிறது. அடுத்த நாள் காலையில் அவர் கேற்றைத் திறக்க முந்தியே றபீக்கா ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். தூரத்தில் தாய் நின்றாள்.

எண்பத்து நாலில் காக்காவுக்கு வேலை முடிந்தது. மனைவி மவுத்தாகி, வீட்டில் தனியாகியிருந்தார். பொத்துவிலில் இளைய மகள் வீட்டில் போய் இருக்கப் புறப்பட்டார். பஸ்ஸுக்கு முந்தி என் கடைக்கு வந்து தேத்தண்ணியைப் பீரிஸ் தட்டில் ஊற்றி, ஊதி, வழக்கம்போலச் சத்தத்தோடு குடித்தார். எதிரே கேற்றுக் கம்பிகளுக்கு நடுவே இப்லீசின் பட்டாளம் முழுவதும் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. சின்னதுகள் சில அழுதன.

"எப்ப காக்கா இந்தப் பக்கம் வருவீங்க?" என்று கேட்டேன்.

"காலும் ஏலா, கண்ணும் ஏலா. அல்லாஹ்தான் அறிவான்."

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "அப்ப ஒங்கட செருப்புல ஒண்ட அந்த ஆணியில மாட்டிட்டுப் போங்களன்" என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது காலைச் செருப்பிலிருந்து பாதி இழுத்தார். கேற்றுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு காலை மெதுவாகத் திரும்பவும் செருப்புக்குள் விட்டார்.

"வேணாம் தம்பி. புள்ளைகள் வருவன் எண்டு பாத்துக்கிட்டு இரிக்கும்."