கேட்டு வாங்கிய கண்வலி

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். நெய்வேலி முழுக்க மெட்ராஸ் ஐ. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. ஆனாலும் எங்கள் ஷிப்டில் யாரும் அதற்குப் பயப்படவில்லை. நாங்கள் பர்மனென்ட். கண் சிவந்தால் ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு. மழையில் மைன்ஸ் சேற்றை மிதிக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? "இன்னும் வரலியா உனக்கு? குடுத்து வைக்காதவன்யா நீ" என்று என்னைக் கேலி செய்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்வலியில் கிடந்த நண்பன் ஒருவனைப் பார்க்கப் போய், அவன் துடைத்துப் போட்ட துண்டை எடுத்து என் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். முப்பது வயது கழுதை செய்த காரியம் அது. மூன்றாம் நாள் கண் கோவைப்பழமானது. டாக்டர் சொட்டு மருந்தும் லீவும் எழுதிக் கொடுத்தார். குவார்ட்டர்ஸில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ரேடியோ கேட்டபடி மகாராஜா மாதிரிப் படுத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க ஒரு பெண் வருவாள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். புருஷன் இல்லை, ஒரு மகள். விடிந்ததும் எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுத் துணியை முடித்துவிட்டு, நடவுக் காலத்தில் வயலுக்கும் ஓடுவாள். என் துண்டும் தலையணை உறையும் அவள் கைக்குத்தான் போயின. என் லீவு முடிவதற்குள் அவள் கண்ணும் சிவந்துவிட்டது.

நாலு வீட்டிலும் வரவேண்டாம் என்றார்கள். என் மனைவியும் கதவைப் பாதி திறந்தபடி அதையேதான் சொன்னாள். உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் சொட்டு மருந்து பாதிக்குமேல் மிச்சமிருந்தது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. அந்த வாரம் குறிஞ்சிப்பாடியில் தறிகள் நின்றுவிட்டதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம்; கண் கூசினால் இழை தெரியாதாம். டவுன்ஷிப்பில் எவன் வீட்டிலும் சோற்று உலை நிற்கவில்லை.

பொங்கல் முடிந்து அவள் மறுபடி வந்தாள். இடது கண்ணில் பூ விழுந்து வெள்ளையாக இருந்தது.

"நாலு நாள்ல நடவு முடிஞ்சிடும்னாங்கம்மா. கண்ணு செவந்துகினு இருந்தா ஆளு சேக்க மாட்டாங்க. சீக்கிரம் ஆவட்டும்னு ஏதோ செடிப்பால வுட்டுக்கினேன். எரிச்சல் தாங்கல. அப்புறம் இந்தக் கண்ணு தெரியலம்மா" என்றாள் என் மனைவியிடம். பிறகு, "வேலை குடுங்கம்மா, இன்னொரு கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு ஆள் வைத்து இரண்டு மாதமாகியிருந்தது. அதைச் சொன்னதற்கு அந்தப் பெண் சண்டை போடவில்லை.

நான் மனைவிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் ஆசைப்பட்டு வரவழைத்துக்கொண்ட நோய் அது. நான் ஒரு வாரம் படுத்து எழுந்தேன். அவளுக்கு நாலு நாள்கூடப் படுக்க வழியில்லை. உனக்கு என்னால்தான் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சாரு, நீங்களும் படுத்துக்கினு இருந்தீங்களே, கண்ணு நல்லாயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சும்மா" என்றேன்.

"அது போதுங்க. புள்ளகுட்டிக்காரரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.